பத்து மணி நேரம் கழலாத நட்டு

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மாடி ரூமில் ஒரு ராணுவ ஹெலிகாப்டர் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பறந்தது.

சிரிக்காதீர்கள். எங்கள் தெரு நாய் கம்பெனி பஸ்ஸில் ஏறி டூட்டிக்குப் போய்விட்டு ஷிப்ட் முடிந்து திரும்பி வந்த கதையை எழுதினேன். நம்பினீர்களா, இல்லையா? இது அதைவிட உண்மை. அதைவிடக் கொஞ்சம் கஷ்டமான உண்மை. அதனால் இந்த வாரம் சிரிப்பு குறைவாக இருந்தால் எடிட்டருக்குப் போன் போட்டு என்னைத் திட்டாதீர்கள்.

மாடி ரூமில் இருப்பவள் திலகா. திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கார் பாகங்களுக்கான அச்சுகளைக் கம்ப்யூட்டரில் வரைகிற வேலை. வயது முப்பத்தொன்று. கல்யாணம் எப்போது என்று அவள் அம்மா தினமும் போனில் கேட்கிறாள். நான் கேட்பதில்லை. கேட்டால் ரூமைக் காலி செய்துவிடுவாள், எனக்குப் பேச ஆள் இருக்காது.

லீவு நாளில் மற்ற பெண்கள் குன்றத்தூர் கோயிலுக்கோ கடைக்கோ போவார்கள். இவள் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். யாராவது ஒரு பையனோடு பேசுகிறாளோ என்று ஆசையோடு ஒருநாள் கதவைத் தள்ளிப் பார்த்தேன். திரையில் ஒரு நட்டு. பூசணிக்காய் சைஸில் ஒரே ஒரு நட்டு.

"இன்னாடி இது?"

"ஹெலிகாப்டரு, ஆச்சி."

"எங்கடி ஹெலிகாப்டரு? நட்டுதான கீது."

"இதுல இருந்துதான் வரும், ஆச்சி. பொறுங்க."

பொறுத்தேன். இரண்டு வருஷம்!

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் விமானம், ஹெலிகாப்டர் எல்லாம் ஓட்டலாமாம். விளையாட்டு என்று சொன்னால் திலகாவுக்கு மூக்கு சிவந்துவிடும். 'சிமுலேட்டர்' என்று சொல்ல வேண்டும். நிஜ வண்டி எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ளும். காற்று அடித்தால் ஆடும். எண்ணெய் தீர்ந்தால் விழும். அதில் ஓட்டுவதற்காக, மலைமேல் இருக்கும் ராணுவ முகாம்களுக்குச் சாமான் ஏற்றிப்போகிற ஒரு பழைய ஹெலிகாப்டரை ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்கிறார்கள். ஆளுக்கொரு நாடு. ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஒருத்தனுக்கு முன் கண்ணாடி, ஒருத்திக்கு எஞ்சின் சத்தம். திலகாவுக்குக் கிடைத்தது வால்.

"பாத்துத்தான் குடுத்துகீறாங்க," என்றேன்.

முறைத்தாள். பிறகு எனக்குப் பாடம் எடுத்தாள். மேலே சுற்றுகிற பெரிய விசிறி வண்டியைத் தூக்குமாம். வாலில் ஒரு சின்ன விசிறி இருக்கிறது பாருங்கள், அது இல்லாவிட்டால் மொத்த வண்டியும் பம்பரமாகச் சுற்றி விழுந்துவிடும். பைலட் காலால் பெடலை மிதித்து மிதித்து அந்தச் சின்ன விசிறியைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார். அந்தப் பெடலுக்காக என் பழைய தையல் மெஷினின் மிதியைக் கேட்டாள். கொடுத்தேன். ஐம்பது வருஷம் ஜாக்கெட் தைத்த மிதி, கடைசியில் ராணுவத்தில் சேர்ந்துவிட்டது.

சரி, இதில் அந்தோணி என்று ஒருவர் எப்படி வந்தார்?

அவர் திலகா கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அறுபதைத் தொட்டவர். வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். சுத்தமாக ஷேவ் செய்த முகம், கத்தி மாதிரி மடிப்பு வைத்த பேன்ட். உள்ளே போகிறவர்களின் போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. ஒருநாள் திலகாவின் போனை வாங்கி ஒட்டப்போனவர், திரையில் இருந்த படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அவள் செய்த வாலின் ஒரு மூலையைப் பெரிதாக்கி வைத்திருந்த படம். பின்னால் வரிசை நீண்டது. ஷிப்டுக்கு நேரமாகிறது என்று ஆட்கள் கத்துகிறார்கள். இவர் அசையவில்லை.

"நட்டுல பின் இல்லியேம்மா," என்றாராம்.

அவருக்கு எதிலோ மூளை குழம்பிவிட்டது என்று திலகா முதலில் நினைத்தாளாம். அப்புறம்தான் தெரிந்தது, இருபது வருஷம் ராணுவத்தில் ஹெலிகாப்டர் மெக்கானிக். அதே வண்டி. அதே வால்.

அந்தப் பின் என்னவென்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். 'ஸ்பிளிட் பின்' என்பார்கள். பார்ப்பதற்கு நம் கொண்டை ஊசிதான். நட்டை முடுக்கிய பிறகு, குறுக்கே இருக்கிற ஓட்டையில் இதைச் செருகி இரண்டு காலையும் மடக்கிவிட வேண்டும். அப்புறம் வண்டி எவ்வளவு குலுங்கினாலும் நட்டு கழலாது. பின் இல்லாவிட்டால்? குலுங்கக் குலுங்கக் கழலும்.

அன்றிலிருந்து ஞாயிறு தோறும் சர்ச் முடிந்து அந்தோணி எங்கள் வீட்டுக்கு வந்தார். மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவுக்கு நேரே நான் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல இவள் திருத்துவாள்.

"இங்க பெயிண்ட் தேஞ்சிருக்கணும். ஏர்ற எல்லாரும் இந்த எடத்துலதான் கை வெப்பாங்க."

"வச்சுட்டேன், அண்ணாச்சி."

"இன்னும் தேய்ம்மா. நாங்க அவ்ளோ சுத்தமான ஆளுங்க இல்ல."

அப்படி ஒரு சந்தோஷம் அந்த மனுஷன் முகத்தில். கேட்டில் நாள் முழுக்க நின்று அடுத்தவர் போனில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவருக்கு, வாரத்தில் இரண்டு மணி நேரம் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. நான்கூடக் கிண்டல் செய்வேன். "இன்னா அந்தோணி, பொண்டாட்டிய இவ்ளோ உத்துப் பாத்துகீறியா எப்பனா?" என்பேன். "அவளுக்கு வால் இல்லியேக்கா," என்பார். நான் அவர் வீட்டில் போய் அதைச் சொல்ல மாட்டேன் என்ற தைரியம்தான்.

இப்படியே போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்...

இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிறு. வால் முடிந்துவிட்டது. திலகா அந்த நட்டைப் பெரிதாக்கி, பின் செருகி, கால் மடக்கிக் காட்டினாள். அவர் பாராட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இந்தப் பின்ன எடுத்துட்டு ஓட்ட முடியுமாம்மா?"

திலகாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இந்த மாதிரிக் கோளாறுகளையும் வைக்க வேண்டும் என்று அவள் கூட்டாளிகள் ஏற்கெனவே கேட்டிருந்தார்களாம்.

"ஓட்டலாம், அண்ணாச்சி. எத்தன நிமிஷத்துல நட்டு கழலும்னு மட்டும் நீங்க சொல்லணும். நான் அத எழுதிருவேன்."

"நான் சொல்லணுமா?"

"ஆமா. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? நாம என்ன நம்பர் குடுக்கோமோ அதத்தான் அது செய்யும்."

அவர் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதத்தான்ம்மா நான் உன்னாண்ட கேக்கறேன்."

அப்புறம் சொன்னார். நான் அதுவரை கேட்காத குரலில்.

இருபத்தைந்து வருஷம் இருக்கும். வடக்கே ஒரு மலை முகாம். வால் விசிறிக்குப் போகிற கம்பியில் ஒரு நட்டைக் கழற்றி மாட்டுகிற வேலை. பல் கிட்டிப்போகிற குளிர். உறை போட்டால் அந்தக் குட்டிப் பின்னைப் பிடிக்க முடியாது. உறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும். இன்னும் மேலே இருந்த முகாமில் ஒரு சிப்பாய்க்கு மூச்சு முட்டுகிறது, உடனே இறக்க வேண்டும் என்று செய்தி. பைலட் பக்கத்திலேயே நிற்கிறார். "முடிஞ்சிச்சா மதராசி, முடிஞ்சிச்சா மதராசி" என்று இந்தியில் அவசரப்படுத்துகிறார்.

"பின்ன வாயில கடிச்சிகினு இருந்தேன்க்கா. அது ஞாபகம் கீது. நட்ட முடுக்கனது ஞாபகம் கீது. ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டது ஞாபகம் கீது. நான் செஞ்சத இன்னொருத்தர் குனிஞ்சிப் பாத்துட்டுப் போடணும். அவரும் போட்டாரு. ஆனா அந்தக் குளிர்ல யாரு குனிவாங்க? நடுவுல அந்தப் பின்ன நான் சொருகனனா..."

வண்டி கிளம்பிய நாற்பதாவது நிமிஷத்தில் ரேடியோ நின்றுவிட்டது. பைலட்டுகள் இரண்டு பேர். மேகத்தில் வழி தெரியாமல் மலையில் மோதியது என்று விசாரணையில் எழுதினார்கள். வால் பகுதி பள்ளத்தில் விழுந்தது. கிடைக்கவே இல்லை.

"அன்னிக்கு சாயங்காலம் என் பாக்கெட்ல ஒரு பின் இருந்துச்சி."

என் பார்வை அவர் சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது.

"ஆனா என் பாக்கெட்ல எப்பவும் நாலஞ்சி பின் இருக்கும்க்கா," என்றார் உடனே. இதை அவர் தனக்குத்தானே எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாரோ? "யாரும் என்ன ஒரு வார்த்த கேக்கல. விசாரணைல கையெழுத்தப் பாத்தாங்க, சரின்னுட்டாங்க. ஒருத்தனாவது கேட்டிருந்தா நானும் அப்பவே நல்லா யோசிச்சிருப்பேன்."

அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். பின் இல்லாத நட்டு நாற்பது நிமிஷத்துக்குள் கழலுமா, கழலாதா? கழலாது என்றால் அவர் பின் போட்டிருந்தால் என்ன, மறந்திருந்தால் என்ன — அந்த இரண்டு உயிரும் மேகத்தின் கணக்கில் போய்விடும். கழலும் என்றால்...

அவர் போன பிறகு திலகா கீழே வந்து என் சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு.

"எங்கயும் அந்த நம்பர் இல்ல, ஆச்சி. தேடிப் பாத்துட்டேன். தெரிஞ்சிருக்கணும்னா அண்ணாச்சிக்குத்தான் தெரிஞ்சிருக்கணும். அவுக நம்மகிட்ட கேக்காவ."

நான் ஏழாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன். ஆனால் எங்கே பொய் சொல்ல வேண்டும் என்பதில் நான் டாக்டர் பட்டம் வாங்கியவள். உங்களுக்குத் தெரியாததா?

"கம்ப்யூட்டரு நீ சொல்ற நம்பரத்தான செய்யும்?"

"ஆமா."

"அப்ப நல்ல நம்பரா ஒண்ணு சொல்லேன்டி."

அவள் என்னையே பார்த்தாள். வேலையில் ஒரு மில்லிமீட்டர் பிசகாதவள். "ஒரு மணி நேரம்னு போடட்டா?" என்றாள்.

"இன்னாத்துக்கு இவ்ளோ கஞ்சத்தனம்? ஒரு மணி நேரம்னா, இருவது நிமிஷம்தான வித்தியாசம்னு மறுபடியும் ஒக்காந்து மண்டைய ஒடச்சிக்குவாரு. பத்து மணி நேரம் போடு. ஆளு நிம்மதியாத் தூங்கட்டும்."

போட்டாள். அவரிடம், எங்கேயோ ஒரு பெரிய இடத்தில் கேட்டு வாங்கிய நம்பர் என்று சொல்லச் சொன்னேன். அதையும் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. ஓட்டுகிற அளவுக்கு மற்றவர்கள் வேலையும் முடிந்து வர இரண்டு மாதமானது.

போன ஞாயிறு. காலை பத்து மணி. அந்தோணி சர்ச் சட்டையில் வந்தார். நான் முன்கூட்டியே கேசரி கிளறி வைத்திருந்தேன். முந்திரி தூக்கலாக. விடுதலையாகப் போகிற மனுஷனுக்கு இனிப்பு வேண்டாமா?

திலகா பின்னை எடுத்தாள். அவர் அருகில் வந்து, இல்லை என்று பார்த்துக்கொண்டார். என் தையல் மெஷின் மிதியில் கால் வைத்து வண்டியைத் தூக்கினாள். திரை முழுக்க வெள்ளை மலை. அந்தோணி வாட்ச்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இருபது நிமிஷம். முப்பது. முப்பத்தைந்திலிருந்து அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபமா, எண்ணுகிறாரா, தெரியவில்லை. நாற்பது. நாற்பத்தொன்று. வண்டி கோயில் தேர் மாதிரி நிதானமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அவர் மூச்சை விட்டார். அந்த மூச்சை எப்போது உள்ளே இழுத்தாரோ! கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நான் கேசரித் தட்டை நீட்டினேன். ஒரு வாய் சாப்பிட்டார். எனக்கு என் மேலேயே பெருமையாக இருந்தது.

இரண்டாவது வாய்க்குக் கை போனது. நின்றது.

"இன்னும் ஓட்டும்மா," என்றார்.

"போதும் அந்தோணி, கொழந்தைக்குக் காலு நோவும்."

"இன்னும் கொஞ்சம்க்கா."

ஒரு மணி நேரம். ஒன்றரை. இரண்டு. கேசரி தட்டில் காய்ந்தது. திலகா ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், ஓட்டு என்று. வேறு என்ன செய்ய? அவர் இப்போது மலையைப் பார்க்கவில்லை. அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பெடலை மிதிக்கிற கால்களை.

ஒரு மணி ஆகப்போகும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய் தீர்ந்துவிட்டது. திலகா எப்படியோ பனியில் வண்டியை இறக்கினாள்.

"நட்டக் காட்டும்மா."

காட்டினாள். பின் இல்லாத நட்டு, போட்ட இடத்திலேயே அம்சமாக உட்கார்ந்திருந்தது.

"மூணு மணி நேரம் ஓட்டிகீற. பெடல்ல ஒரு நடுக்கம் வரல. பெட்ரோலே தீந்துபோச்சி, நட்டு ஒரு நூல் நவுரல." கோபமே இல்லை அவர் குரலில். கோபமாவது இருந்திருக்கலாம். "எத்தினி போட்டீங்க?"

திலகாவுக்குப் பொய் வராது. முதல் தடவை நான் சொல்லிக் கொடுத்தது, அதோடு தீர்ந்துவிட்டது.

"பத்து மணி நேரம், அண்ணாச்சி."

"யாரு சொன்னாங்க?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நான் கேசரியைப் பார்த்தேன்.

"நான் பின் போடலன்னுதான நீங்களும் நெனச்சீங்க, அக்கா?" என்றார். "இல்லன்னா இன்னாத்துக்கு இவ்ளோ பெரிய நம்பரு?"

அப்படி இல்லை என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆமாம். பாக்கெட்டில் ஒரு பின் இருந்தது என்று அவர் சொன்ன நிமிஷத்திலேயே நான் நினைத்துவிட்டேன். நினைத்ததால்தான் அவ்வளவு தாராளமாக அள்ளிக் கொடுத்தேன். அதை அவர் அளந்து பார்த்துவிட்டார். அளந்து பார்ப்பதுதானே அவர் வேலை?

வாட்ச்சைக் கட்டிக்கொண்டார். சாப்பிட்ட ஸ்பூனைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். எப்போதும் அப்படித்தான் செய்வார்.

திங்கட்கிழமை கேட்டில் திலகாவின் போனில் ஸ்டிக்கர் ஒட்டினார். படத்தைப் பார்க்கவில்லை. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை அவரே கூப்பிட்டாராம்.

"அந்த நம்பர மாத்தும்மா. முப்பத்தெட்டு போடு."

முப்பத்தெட்டு நிமிஷம். நாற்பதுக்கு இரண்டு குறைவு.

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா, அண்ணாச்சி?"

"தெரியாது. ஆனா பறக்கற வண்டியில சந்தேகம்னு வந்துட்டா, கம்மியா கீற நம்பரத்தான் எழுதணும். எங்க வேல அப்படி."

அவ்வளவுதான். அடுத்த ஆளின் போனுக்குக் கை நீட்டிவிட்டார்.

திலகா மாற்றிவிட்டாள். இனி உலகத்தில் எந்த மூலையில் யார் அந்தப் பின்னை எடுத்துவிட்டு ஓட்டினாலும், முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் வண்டி பம்பரமாகச் சுற்றி விழும். ஓட்டுகிறவன் சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். அவனுக்கு அந்தோணியைத் தெரியாது.

இந்த ஞாயிறு அவர் வரவில்லை. மாடிக் கதவுக்கு நேரே என் நாற்காலி அப்படியே கிடக்கிறது. நான் போய் உட்காரவில்லை.

ஒரு மணி நேரம் போடட்டுமா என்றுதான் திலகா கேட்டாள். போட்டிருந்தால் அறுபதாவது நிமிஷத்தில் நட்டு கழன்றிருக்கும், அவரும் நம்பியிருப்பார்.